உயில், வாரிசுரிமை, பெண்களின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் பல வருடங்களாக சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். என்னிடம் வருகிற சொத்து வழக்குகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. பெரியவர் இறந்து கருமாதி முடிகிறது. வீட்டிலேயே யாரோ ஒருவர் பத்திரங்களை எடுத்துப் பூட்டி வைக்கிறார். கூடப் பிறந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அப்புறம் பத்து வருடம் வாய்தாவுக்கு அலைகிறார்கள். உயிரோடு இருந்தபோது நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதிலும் பெண்கள் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளாமலும், தங்கள் சொத்துக்கு உயில் எழுதாமலும் இருப்பது என்னை ரொம்ப வருத்துகிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டில் உள்ள இந்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். சொத்து யாருக்குப் போகும்?

அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் அம்மா ஆகியோர் இதில் வருவார்கள். மகன் முன்பே இறந்திருந்தால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், மகள் முன்பே இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் அந்தப் பங்கு போகும்.

பலர் மறந்துவிடுவது பாட்டியை. மகன் இறக்கும்போது பெற்ற தாய் உயிரோடு இருந்தால், மனைவிக்குள்ள அதே அளவு பங்கு அவருக்கும் உண்டு. தகப்பனாருக்கு இல்லை, அவர் இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். மனைவி, அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் ஐந்து சம பங்கு. மூத்தவனுக்குக் கூடுதல், கொள்ளி வைத்தவனுக்குக் கூடுதல் என்றெல்லாம் சட்டத்தில் எதுவும் கிடையாது.

எங்கள் சொத்து பூர்வீகச் சொத்து. அதில் கணக்கு மாறுமா?

மாறும். ஆனால் முதலில் அது உண்மையிலேயே பூர்வீகமா என்று பாருங்கள். ‘தாத்தா சொத்து’ என்றாலே பேரனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாத்தா தன் உழைப்பில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அது உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால், அப்பாவின் கையில் அது அவருடைய தனிச் சொத்து. அவர் இருக்கும்வரை நீங்கள் அதில் பங்கு கேட்க முடியாது. 1978-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கருப்பன் செட்டியார் வழக்கில் இதைச் சொன்னது. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இது தெரியாமல் அப்பா மேல் பாக வழக்குப் போட்டுத் தோற்ற பிள்ளைகள் நிறையப் பேர்.

உண்மையான கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு இப்படி வரும். 16 ஏக்கர் நிலம். அப்பா, அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். அப்பா இறந்துவிட்டார். முதலில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 4 ஏக்கர் பிரித்துக்கொண்டதாகக் கணக்கு வைக்க வேண்டும். பிறகு அப்பாவின் 4 ஏக்கரை அம்மாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரிக்க வேண்டும். முடிவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 ஏக்கர், அம்மாவுக்கு ஒரே ஒரு ஏக்கர்.

அந்த ஒரு ஏக்கரைப் பாருங்கள். நாற்பது வருடம் அந்த வயலில் குனிந்து நடவு நட்டவளுக்கு அவ்வளவுதான். அதே 16 ஏக்கரும் கணவர் சொந்தமாக வாங்கியதாக இருந்தால் அவளுக்கு 4 ஏக்கர் வந்திருக்கும். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் உயில் எழுத ஆணுக்கு உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ம் பிரிவு அதை அனுமதிக்கிறது. மனைவியின் முதுமையை நினைக்கிற கணவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

எனக்கு 1985-ல் கல்யாணம் ஆனது. பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு இல்லை என்கிறார்களே?

ஒரு காலத்தில் அது சரி. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம் 25-3-1989 முதல் மகள்களுக்கும் மகன்களுக்கு இணையான உரிமை கொடுத்தது. நாட்டின் பெரும்பகுதியில் அந்த உரிமை வருவதற்குப் பதினாறு வருடம் முன்பே இங்கே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களை அது சேர்க்கவில்லை. அதனால்தான் ஊரில் இன்னும் ‘89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கிடையாது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

9-9-2005-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மகள் எப்போது பிறந்தாள், எப்போது கல்யாணம் ஆனது என்பதெல்லாம் இப்போது பொருட்டே இல்லை. ‘2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமே’ என்று கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. 11-8-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் தீர்த்துவிட்டது. மகனுக்கு எப்படிப் பிறப்பால் உரிமையோ, மகளுக்கும் அப்படியே. அப்பா அன்று இருந்தாரா என்பது கேள்வியே இல்லை.

ஒரு விலக்கு உண்டு. 20-12-2004-க்கு முன்பே பதிவு செய்த பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. ‘வாய்மொழியாக அப்போதே பிரித்துக்கொண்டோம்’ என்று சகோதரர்கள் சொன்னால் மட்டும் போதாது. வலுவான அரசு ஆவணங்கள் வேண்டும்.

அண்ணன் ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள். அது அநேகமாக விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்ற பத்திரம். பட்டா மாற்றத்துக்கு, கரண்ட் பெயர் மாற்றத்துக்கு, வங்கிக் கடனுக்கு என்று ஏதாவது சொல்லி வாங்குவார்கள். சார் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

அண்ணனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பிறந்த வீட்டு உறவு பெரிய விஷயம்தான். ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்து செய்யுங்கள். பணம் பேசியிருந்தால் அந்தத் தொகை பத்திரத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

‘சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இன்னும் என்ன பங்கு?’ என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குச் செய்த செலவைக் காட்டி வாரிசுரிமையை மறுக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. ஆடிச் சீரும் தீபாவளிச் சீரும் அன்பின் பேரில் வருபவை. பங்கு உரிமையின் பேரில் வருவது.

ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து யாருக்கு?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

பிள்ளைகளும் கணவரும் இருந்தால் அவர்களுக்குச் சமமாகப் போகும். சிக்கல் அவர்கள் இல்லாதபோது வருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவின்படி, பிள்ளையும் கணவரும் இல்லாத பெண்ணின் சொத்து அடுத்ததாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்ற அப்பா அம்மா அதற்குப் பிறகுதான். பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாவிட்டால் அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் அவள் சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்த விலக்கு கிடையாது.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கைச் சொல்லலாம். ஒரு பெண்ணுக்கு 1955-ல் கல்யாணம். மூன்று மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவளை விரட்டிவிட்டார்கள். பெற்றோர் கூட்டிவந்து படிக்கவைத்தார்கள். அவள் வேலைக்குப் போனாள், நாற்பது வருடம் தனியாக வாழ்ந்தாள், வருங்கால வைப்பு நிதியும் வங்கிச் சேமிப்பும் வைத்துவிட்டு 1996-ல் உயில் எழுதாமல் இறந்தாள். அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? அவளைப் படிக்கவைத்த தாய்க்கு இல்லை, கூடப்பிறந்த சகோதரர்களுக்கும் இல்லை. கணவரின் சகோதரி மகன்களுக்குப் போனது. சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, இரக்கம் காட்டி அதை மாற்ற முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரே ஒரு தாள் எழுதியிருந்தால் போதும். தன்னைக் காப்பாற்றியவர்களுக்கே எல்லாம் போயிருக்கும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, இந்தப் பிரிவின் கீழ் வரக்கூடிய இந்துப் பெண்கள் உடனே உயில் எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நானும் அதையே கேட்கிறேன். வேலைக்குப் போகிற பெண்கள், பிள்ளை இல்லாதவர்கள், கணவரை இழந்தவர்கள், கணவரைப் பிரிந்து விவாகரத்து வாங்காமல் இருப்பவர்கள், எல்லோரும் எழுதுங்கள். ‘எனக்கு என்ன வயசாச்சு’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டுமா? பதிவு செய்ய வேண்டுமா?

இரண்டும் கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் உங்கள் கையாலேயே தமிழில் எழுதலாம். முத்திரைத் தீர்வை கிடையாது. 18 வயது முடிந்து, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம்.

கட்டாயமானது ஒன்றுதான். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து அல்லது நீங்கள் போட்டதாக நீங்கள் சொல்லக் கேட்டு, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ம் பிரிவு இது. நோட்டரி முத்திரை இருந்தாலும் இரண்டு சாட்சி இல்லையென்றால் அந்த உயில் நிற்காது.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் வயதுள்ள நண்பரைக் கூப்பிட்டுச் சாட்சி போட வைப்பீர்கள். உங்களுக்கு முன்னால் அவர் போய்விடுவார். நாளைக்கு உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட இளையவர்கள், ஊரை விட்டுப் போகாதவர்கள், சொத்தில் எந்தப் பயனும் இல்லாதவர்கள் நல்லது. சொத்துப் பெறுகிறவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சி ஆக்க வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தக் கொடையே செல்லாமல் போய்விடும். இந்துக்களுக்குச் சந்தேகத்துக்கு வழிவகுக்கும்.

பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் செய்யச் சொல்வேன். தொலைந்தால் நகல் வாங்கலாம், ‘இது பொய் உயில்’ என்ற வாதம் பலவீனமாகும். ஒரு பயம் பலருக்கு: பதிவு செய்தால் பிள்ளைகள் வில்லங்கம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களோ? மாட்டார்கள். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன, வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் இருக்கும்வரை உங்களுக்கும் உங்கள் முகவருக்கும் தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். மாவட்டப் பதிவாளரிடம் மூடி முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கும் வசதியும் உண்டு.

எழுதும்போது ஒவ்வொரு சொத்துக்கும் சர்வே எண், கதவு எண், மூலப்பத்திர எண் போடுங்கள். ‘என் மற்ற எல்லாச் சொத்துக்களும் இன்னாருக்கு’ என்று கடைசியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நகையும் பணமும் அதில்தான் அடங்கும். இன்னொன்று: ‘என் மனைவி ஆயுள்வரை அனுபவித்துவிட்டு, அவளுக்குப் பின் மகன்களுக்கு’ என்று நம் பக்கத்தில் வழக்கமாக எழுதுவார்கள். அப்படி எழுதினால் அந்த அம்மாவால் மருத்துவச் செலவுக்குக்கூட ஒரு சென்ட் விற்க முடியாமல் போகலாம். அந்த உரிமை முழு உரிமையா, ஆயுள் உரிமைதானா என்ற வாதத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் எத்தனையோ. மனைவிக்கே முழுதாகக் கொடுக்க நினைத்தால் ‘சர்வ சுதந்திரமாக’ என்று தெளிவாக எழுதுங்கள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு செய்த பழைய உயிலைப் பதிவு செய்யாத புது உயிலும் ரத்து செய்யும்.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவிடம் உயில் வாங்கலாமா?

‘வாங்கலாமா’ என்ற சொல்லே நீதிமன்றத்தில் பிரச்சினை ஆகும். உயில் அவர் எழுதுவது, நீங்கள் வாங்குவது இல்லை. 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும். கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, மனம் தெளிவாக இருந்ததா, இயல்பான வாரிசுகளைக் காரணமில்லாமல் ஒதுக்கியிருக்கிறதா, பயன்பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்தாரா என்று பார்ப்பார்கள். இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருக்கு.

கைநாட்டு செல்லும், உடம்பு முடியாமல் இருப்பதும் தடை இல்லை. மருத்துவர் ஒருவர் சாட்சியாக இருந்து மனத்தெளிவைக் குறித்தால் பெரிய பலம். சார் பதிவாளரை வீட்டுக்கே அழைத்துப் பதிவு செய்யலாம். வீடியோ எடுத்து வைப்பதும் உதவும். அந்த நேரத்தில் பயன்பெறுகிற பிள்ளை அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

மகனைத் தலைமுழுகிவிட்டேன் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. விளம்பரத்தால் வாரிசுரிமை போகாது. உயில் எழுதினால்தான் போகும். அதுவும் உங்கள் சொந்தச் சொத்துக்கும் பூர்வீகத்தில் உங்கள் பங்குக்கும் மட்டும், அவன் பங்கைத் தொட முடியாது. உயிலில் அவன் பெயரைக் குறிப்பிட்டு, ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். பெயரே இல்லாமல் விட்டால், மறந்துவிட்டார் அல்லது மறைத்துவிட்டார்கள் என்று வாதாடுவார்கள்.

உயில் நல்லதா, செட்டில்மென்ட் நல்லதா?

உயில் உங்களுக்குப் பிறகுதான் செல்லும். செட்டில்மென்ட் என்பது நீங்கள் இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது. அதைப் பதிவு செய்து, வாங்குகிறவர் ஏற்றுக்கொண்ட அன்றே சொத்து கைமாறிவிடும், நீங்களாக ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பை 25,000-லிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தினார்கள். செலவு குறைவு, பின்னால் வழக்கு குறைவு என்று பத்திரம் எழுதுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் குடியிருக்கும் ஒரே வீட்டை செட்டில்மென்ட் செய்துவிட்டு, பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே சொத்து வைத்திருப்பவர்களுக்கு உயில்தான் என் யோசனை. செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை எனக்கு, சாப்பாடும் மருத்துவமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2025 ஜனவரியில், பெரியவர்களைக் காப்பதற்கான சட்டம் இது, அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எழுதியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

வங்கிக் கணக்கில் நாமினி நான்தான். பணம் எனக்குத்தானே?

வங்கி உங்களிடம் கொடுக்கும். ஆனால் நீங்கள் மற்ற வாரிசுகளுக்காக அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான். உச்ச நீதிமன்றம் 1984-ல் காப்பீட்டுத் தொகைக்கும், 2010-ல் வங்கிப் பணத்துக்கும், 2023 டிசம்பரில் பங்குகளுக்கும் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு ஒரு மாற்றம்: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே. 1-11-2025 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். எத்தனை பேர் போட்டாலும் உயிலுக்கு அது ஈடாகாது.

வாரிசு சான்றிதழும் இறங்குரிமைச் சான்றிதழும் ஒன்றா?

இல்லை. வாரிசு சான்றிதழ் வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். யார் யார் வாரிசு என்பதை மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதில் உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் பங்கு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், ஆனால் உடனே ஆட்சேபணை கொடுங்கள். மகள்கள் பெயரை விட்டுவிட்டு வாங்குவது இன்னும் நடக்கிறது. இறங்குரிமைச் சான்றிதழ் நீதிமன்றம் தருவது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், வைப்புத் தொகை, பங்குகள் இவற்றை வசூலிக்க அது தேவைப்படும்.

உயிலை நீதிமன்றத்தில் ப்ரொபேட் செய்ய வேண்டுமா?

ப்ரொபேட் என்றால் உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு நிலத்தைப் பற்றிய உயிலுக்கும் அது வெகுகாலம் கட்டாயமாக இருந்தது. மற்ற மாவட்டங்களில் அப்போதும் தேவையில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அதைக் கட்டாயமாக்கிய 213-ம் பிரிவையே நீக்கிவிட்டது. விரும்பினால் இப்போதும் வாங்கலாம். வாரிசுகளுக்குள் தகராறு வரும் என்று தெரிந்தால் வாங்கி வைப்பது நிம்மதி.

எங்கள் மகனுக்கு மனவளர்ச்சி குறைவு. எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் முகத்தை மறக்க முடியாது. பெரும்பாலும், ‘எல்லாவற்றையும் மூத்தவள் பெயரில் எழுதிவிடுகிறோம், அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள்’ என்கிறார்கள். அவள் நல்லவளாகவே இருக்கட்டும். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொத்து அவள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தம்பியின் பெயர் எங்கேயும் இருக்காது.

இதற்குத்தான் தனியார் அறக்கட்டளை. 1882-ம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி, சொத்தை அறங்காவலர்கள் பெயரில் வைத்து, அதன் வருமானம் முழுக்க மகனுடைய செலவுக்கே என்று எழுதலாம். வீடு, நிலம் சேர்ந்தால் பதிவுப் பத்திரம் வேண்டும், அல்லது உயில் மூலமாகவே அறக்கட்டளை உருவாகும்படி எழுதலாம். அறங்காவலர்களாக ஒருவரை மட்டும் போடாதீர்கள். மகள், சித்தப்பா, நம்பகமான வெளியாள் என்று மூன்று பேர் இருக்கட்டும். ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதும் எழுதியிருக்கட்டும். மகனுக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். அவன் காலை என்ன சாப்பிடுவான், எந்த மருந்து, எதைக் கண்டால் பயப்படுவான் என்பதையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதி உயிலோடு வையுங்கள். அது சட்ட ஆவணம் இல்லை, ஆனால் அவனுக்கு அதுதான் அதிகம் உதவும்.

18 வயதுக்குப் பிறகு பெற்றோரும் தாமாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது மனைவிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டா?

முதல் மனைவி உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகாமல் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது. அந்தப் பெண்ணுக்கு வாரிசுப் பங்கு இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு. அப்பாவின் தனிச் சொத்திலும், உச்ச நீதிமன்றத்தின் 1-9-2023 தீர்ப்புக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரும் பங்கிலும் அவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே. எந்தக் குழந்தையும் பெற்றோர் செய்ததற்குப் பொறுப்பில்லை. சட்டம் இதில் சரியாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்தால் அவர் சொத்தில் என் பங்கு போய்விடுமா?

போகாது. கணவர் இறந்த நொடியிலேயே அது உங்கள் சொத்து. மாமனார் வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி.

அப்பா வாங்கிய கடனை நான் கட்ட வேண்டுமா?

அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு அளவுக்கு மட்டும். எதுவும் வரவில்லை என்றால் உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. கடன்காரர் வீட்டு வாசலில் நின்று மிரட்டினாலும் சட்டம் இதுதான்.

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும்?

கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டுச் சட்டம். உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். முஸ்லிம்கள் ஈமச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகள் சம்மதமின்றி உயில் எழுத முடியாது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகன் பங்கில் பாதி. மகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் உயிர் இருக்கும்போதே ஹிபா, அதாவது தானம், செய்கிறார்கள். அதில் சொத்தின் சுவாதீனத்தையும் அப்போதே ஒப்படைக்க வேண்டும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அப்பா பவர் கொடுத்திருந்தார். அதை வைத்து விற்கலாமா?

அப்பா இறந்ததும் பவரும் முடிந்துவிட்டது. அதன் பிறகு அதை வைத்துப் போடும் பத்திரம் செல்லாது. நீங்கள் அங்கிருந்து இங்குள்ள ஒருவருக்குப் பவர் கொடுப்பதானால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வழக்குப் போட எனக்கு வசதி இல்லை. என்ன செய்வது?

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது, யாரும் போடும் பிச்சை இல்லை. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். முதலில் சமரச மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே பேசி முடித்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும்.

போகும்போது இறப்புச் சான்றிதழ், மூலப்பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, குடும்ப அட்டை எடுத்துப் போங்கள். பத்திரம் அண்ணன் பெட்டியில் பூட்டியிருந்தாலும் கவலை இல்லை. சர்வே எண் தெரிந்தால் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, பத்திர எண்ணைக் கண்டுபிடித்து, சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம்.